எந்த வேகத்தில் கேட்பது?

கோடை விடுமுறைக்கு வந்திருந்த பேரன், நான் கணினியில் பாட்டுக் கேட்கிற விதத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டான். என் மடிக்கணினியில் பாட்டுக்கென்று படம் கிடையாது, பொத்தான் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டச்சு செய்து எண்டர் விசையை அழுத்துவேன். பாட்டு வரும். "என்ன தாத்தா, தந்தி அடிக்கிறீங்களா?" என்றான். அரசு அலுவலகத்தில் மேல்நிலை எழுத்தராக இருந்து, தட்டச்சு இயந்திரத்தோடு பாதி ஆயுளைக் கழித்தவனுக்கு இதில் ஒன்றும் சிரமமில்லை என்று சொல்லி வைத்தேன். உண்மையான காரணம் ஒரு பழைய கேசட். அந்தக் கதையோடு ஒலிப்பதிவின் சரித்திரமும் கொஞ்சம் சேர்ந்து வருவதால், பொறுமையாகப் படிக்குமாறு நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

என் அப்பா ஒரு சொல்தா. புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: பிரெஞ்சு ராணுவத்தில் பணிபுரிந்து பென்சன் வாங்கியவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் அழைப்போம். அப்பா இந்தோசீனாவில் இருந்துவிட்டு வந்தவர். ஜூலை 14 அன்று மெடல்களைக் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலையிலுள்ள போர் நினைவுச் சின்னத்துக்குப் போய் வருவார். அதைப் பற்றிக் கேட்டால் பேசமாட்டார்.

1982இல் ஒரு ராத்திரி கரண்ட் போயிருந்தது. கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது அப்பா தானாகவே சைகோனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். நான் ஓடிப்போய் டேப் ரெக்கார்டரை எடுத்து வந்தேன். அதில் செல் இல்லை. வீட்டிலிருந்த இரண்டு டார்ச் லைட்டுகளையும் திருகி, பழைய செல்களை எடுத்துப் போட்டேன். அறுபது நிமிஷக் கேசட்டில் ஒரு பக்கம், அரை மணி நேரம், பதிவாயிற்று.

மறுநாள் காலையில் புதுச் செல்கள் வாங்கிப் போட்டு, அப்பா கடைசியாகப் பேசிய பகுதியை அவருக்கே போட்டுக் காட்டினேன். சின்னப் பையன் பேசுவது போலக் கீச்சென்று வந்தது. அம்மா சிரித்தாள், தங்கை சிரித்தாள், நானும் சிரித்தேன். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "இது என் குரல் இல்லடா" என்றார். "முதல் தடவை தன் குரலைத் தானே கேட்டா எல்லாருக்கும் அப்படித்தாம்ப்பா இருக்கும்" என்று நான் பெரிய மேதாவி போலப் பதில் சொன்னேன். அதற்குப் பிறகு ரெக்கார்டரை எடுத்தாலே எழுந்து போய்விடுவார். 1991இல் காலமானார். அவர் குரலென்று எங்களிடம் இருப்பது அந்த அரை மணி நேரம்தான்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கடையில் கொடுத்து அந்தக் கேசட்டை எம்பி3 கோப்பாக மாற்றி வாங்கினேன். கேட்டால் அதே கீச்சுக் குரல். அந்தச் சமயத்தில்தான் ஸ்கோத் என்கிற பிரெஞ்சுக்காரரின் கதையைப் படித்தேன்.

எதுவார் லெயோன் ஸ்கோத் து மர்த்தென்வீல் 1817இல் பாரிசில் பிறந்தவர். விஞ்ஞானி அல்ல. அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர், அச்சுப்பிழை திருத்தியவர். ஏறக்குறைய நம்ம ஜாதி, அதாவது குமாஸ்தா ஜாதி. அறிவியல் புத்தகம் ஒன்றுக்குப் பிழை திருத்தும்போது மனிதக் காதின் அமைப்பைக் காட்டும் படங்களைப் பார்த்தார். ஒளியைப் பிடித்து வைக்கப் புகைப்படம் வந்துவிட்டதே, ஒலியையும் தாளில் எழுத வைத்தால் என்ன என்று யோசித்தார். காதைப் போலவே ஒரு கருவி செய்தார். வாய் அகன்ற ஒரு குழல், அதன் முடிவில் மெல்லிய சவ்வு, சவ்வில் ஒட்டிய ஒரு பன்றி முடி. அதற்கு எதிரே, விளக்குக் கரி படிய வைத்த தாளைச் சுற்றிய உருளை. குழலுக்குள் பேசினால் சவ்வு அதிரும், முடி அசையும், கரியில் வளைவு வளைவாகக் கோடு விழும். ஃபோனோட்டோகிராஃப் என்று பெயரிட்டு 1857 மார்ச் 25 அன்று காப்புரிமைக்கு மனுப் போட்டார்.

ஆனால் அதில் ஒலியை எழுதலாமே தவிர, எழுதியதைத் திரும்பக் கேட்க வழியில்லை. ஸ்கோத்தும் அதை ஒரு குறையாக நினைக்கவில்லை. கோட்டைக் கண்ணால் பார்த்தே மனிதர்கள் ஒலியைப் படித்துக்கொள்வார்கள் என்று நம்பினார். அதே ஊரில் ஷார்ல் க்ரோ என்ற கவிஞர், பதிந்த ஒலியைத் திரும்ப எழுப்பும் வழியை எழுதி 1877 ஏப்ரலில் அறிவியல் அக்காதெமியிடம் முத்திரையிட்ட உறையில் ஒப்படைத்தார். உறை டிசம்பரில்தான் பிரிக்கப்பட்டது. அதே சமயத்தில் அமெரிக்காவில் எடிசன் பேசும் இயந்திரத்தைச் செய்து முடித்துவிட்டார். கோப்பு உறைக்குள் தூங்கினால் என்ன ஆகும் என்பது அலுவலகத்தில் வேலை பார்த்த நமக்குத் தெரியாததா!

ஸ்கோத் 1879இல் இறந்தார். அவருடைய கரித்தாள்கள் பாரிசில் பத்திரமாக இருந்தன. 2008இல் அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் சவுண்ட்ஸ் என்ற ஆராய்ச்சிக் குழுவினர், டேவிட் ஜியோவனோனி, பேட்ரிக் ஃபீஸ்டர் முதலானோர், 1860 ஏப்ரல் 9 என்று தேதியிட்ட ஒரு தாளை நுட்பமாகப் படமெடுத்து, லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தாரின் உதவியோடு கணினியால் அந்தக் கோட்டை ஒலியாக மாற்றினார்கள். 148 வருஷம் ஊமையாகக் கிடந்த தாள் பாடியது. பாட்டு, 'ஓ கிளேர் து லா லூன்'. நிலவொளியில் என்று பொருள். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த என் வயதுக்காரர்கள் சின்ன வகுப்பில் கைகோத்துப் பாடிய அதே பாட்டுத்தான். சுமார் பத்து விநாடி. ஒரு சிறுமியோ இளம்பெண்ணோ பாடுவது போல இருந்தது. ஸ்கோத்தின் மகளாக இருக்கலாம் என்றுகூட அப்போது பேசப்பட்டது.

அடுத்த வருஷம் அதே குழுவினர் தங்கள் பிழையைத் தாங்களே கண்டுபிடித்தார்கள். தாளில் இருந்ததைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டிவிட்டார்கள்! வேகத்தைப் பாதியாகக் குறைத்ததும் சிறுமி மறைந்துபோனாள். ஒரு ஆண்பிள்ளையின் குரல், மிக நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகப் பாடியது. அது பெரும்பாலும் ஸ்கோத்தின் குரலே என்பதுதான் இன்றைய முடிவு.

இந்தப் பிழை எப்படி வந்தது? உருளையைக் கையால் சுற்றுவதால் வேகம் ஒரே சீராக இராது என்பது ஸ்கோத்துக்குத் தெரியும். அதனால் குரலின் கோட்டுக்குப் பக்கத்திலேயே ஓர் இசைக்கவையின் அதிர்வையும் இன்னொரு கோடாக விழச் செய்திருந்தார். எங்கள் இயற்பியல் ஆசிரியர் மேசையில் தட்டிக் காட்டுவாரே, தியாபசோன், அதுதான். கவை மாறாத எண்ணிக்கையில் அதிரும். அந்தக் கோட்டை அளந்தால் குரலின் வேகம் கிடைத்துவிடும். ஆனால் அந்தக் காலத்துப் பிரெஞ்சுக்காரர்கள் அதிர்வை எண்ணிய முறை வேறு. கவை போவது ஒன்று, வருவது ஒன்று என்று எண்ணுவார்கள். போய்வருவது சேர்த்து ஒன்று என்பது இன்றைய கணக்கு. 1859இல் பிரெஞ்சு அரசு இசைக்குச் சுருதி நிர்ணயித்தபோது ஆணையில் எழுதியது 870 அதிர்வு. நம் கணக்கில் அது 435. பழைய எண்ணைப் புதுக் கணக்கில் படித்தால் எல்லாம் இரட்டிப்பாகிவிடும். ஒரு குறிப்பைத் தப்பாகப் படித்ததில் ஆண் பெண்ணாகிவிட்டார்.

இதைப் படித்துவிட்டு நான் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். "இது என் குரல் இல்லடா" என்று அப்பா சொன்னது காதில் கேட்டது.

ஒலியைப் பதிந்த நாள் முதல் வேகச் சிக்கலும் கூடவே வந்திருக்கிறது. 78 சுற்று இசைத்தட்டு என்கிறோம். ஆனால் மின்மோட்டார் வருவதற்கு முன் பதிவான தட்டுகள் எல்லாம் 78இல் பதிவானவை அல்ல. எழுபது சுற்றிலும் உண்டு, எண்பதிலும் உண்டு. அதனால்தான் சாவி கொடுக்கும் கிராமபோனில் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு இருக்கும். 78இல் ஓட வேண்டியதை 82, 83இல் ஓட்டினால் பாடகரின் சுருதி அரைக்கட்டை ஏறிவிடும். 1948இல் 33⅓ சுற்றுத் தட்டும், 1949இல் 45 சுற்றுத் தட்டும் வந்தன. ரெக்கார்டு பிளேயரில் மூன்று எண்களுக்கு நடுவே குமிழைத் திருப்பினோம். மாற்றி வைத்துவிட்டால் பாகவதர் பூனையாகிவிடுவார். 1963இல் பிலிப்ஸ் கம்பெனி கேசட்டைக் கொண்டுவந்தபோது விநாடிக்கு சுமார் 4.76 சென்டிமீட்டர் என்று ஒரே வேகத்தை வைத்தார்கள். குமிழ் போயிற்று. சிக்கல் போகவில்லை. ஏனென்றால் கேசட்டை இழுப்பது மோட்டார், மோட்டாரை ஓட்டுவது செல்.

இப்போது நண்பர்களுக்கே புரிந்திருக்கும். செல் தீரத் தீர மோட்டார் மெதுவாகச் சுற்றும். நாடா மெதுவாக நகர்ந்தபடியே பதிவாகும். அதைப் பிறகு நல்ல செல் போட்டுச் சரியான வேகத்தில் ஓட்டினால், மெதுவாகப் பதிந்தது வேகமாக ஓடும், குரல் உயரும். டார்ச் லைட்டுச் செல்களில் பதிந்து, மறுநாள் புதுச் செல்களில் போட்டுக் காட்டியவன் நான். கேசட்டை மாற்றிக் கொடுத்த கடைக்காரர் மீதும் தப்பில்லை, அவர் சரியான வேகத்தில்தான் ஓட்டியிருக்கிறார்.

சரி, இதை எப்படித் திருத்துவது? இங்கேதான் கறுப்புத் திரை வருகிறது.

எம்பி3 என்பது ஜெர்மனியில் ஃப்ராவுன்ஹோஃபர் நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலானோர் பெரும்பங்கு ஆற்றி உருவாக்கிய முறை. பலத்த ஒலியின் நிழலில் காது கவனிக்காமல் விடுகிற மெல்லிய ஒலிகளைத் தள்ளிவிட்டு, மிச்சத்தை மட்டும் எழுதுகிறது. குறுந்தகட்டில் இருப்பதைப் போலப் பதினொன்றில் ஒரு பங்கு இடத்தில் பாட்டு அடங்கிவிடும். அந்தக் கோப்புகளுக்கு 'எம்பி3' என்ற பெயரை அவர்கள் முடிவு செய்த நாள் 1995 ஜூலை 14. தேதியைப் பார்த்ததும் அப்பாவின் மெடல்கள் ஞாபகம் வந்தன.

அப்போதைய கணினிகளுக்கு இப்படிச் சுருக்கியதை விரித்து ஒலியாக்குவதே பெரும்பாடு. அந்த நிலையில், 1990களின் நடுவில், மிஷாயேல் ஹிப் என்ற ஜெர்மானியர் எழுதியதுதான் எம்பிஜி123 என்ற நிரல். எம்பெக் ஒலி முறையில் மூன்று அடுக்குகள் உண்டு. மூன்றையும் வாசிக்கும் என்பதால் 123. சன்னல், படம் என்று எந்த அலங்காரமும் இல்லாததால் திறன் குறைந்த கணினியிலும் ஓடியது. அதற்கும் முடியாத கணினிக்கென்று, ஒலியை இரண்டில் ஒன்றாகவோ நாலில் ஒன்றாகவோ குறைத்து வாசிக்கும் வசதியும் வைத்தார்கள். நாலில் ஒன்று கேட்க நன்றாக இராது என்று அதன் கையேடே ஒப்புக்கொள்கிறது. இவ்வளவு நேர்மையான கையேட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஆரம்பத்தில் அதன் உரிமத்தில் சில கட்டுப்பாடுகள் இருந்தன. அதனால் கட்டற்ற மென்பொருள்காரர்கள் அதே போல எம்பிஜி321 என்று ஒன்றை எழுதிக்கொண்டார்கள். பெயரைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள் பாருங்கள். 2006 முதல் தாமஸ் ஓர்கிஸ் என்பவர் மூல நிரலைப் பொறுப்பெடுத்து நடத்துகிறார். உரிமமும் கட்டற்றதாகிவிட்டது. இன்றும் லினக்ஸ் கணினிகளில் இலவசமாகக் கிடைக்கிறது.

இதற்கு எழுதும் ஆணை நம் அலுவலகக் குறிப்பைப் போன்றது. முதலில் யாருக்கு என்பது, அதாவது நிரலின் பெயர். நடுவில் எப்படிச் செய்ய வேண்டும் என்பது. கடைசியில் எதை என்பது, அதாவது கோப்பின் பெயர். நடுவில் வருகிற ஒவ்வொன்றும் ஒரு சிறு கோடும் ஓர் எழுத்துமாக இருக்கும். 'க்யூ' போட்டால் திரையில் ஒன்றும் எழுதாமல் வாசிக்கும். சிறிய 'இசட்' போட்டால் பாட்டுகளைச் சீட்டுக்கட்டு போலக் கலைத்து வாசிக்கும். பெரிய 'இசட்' என்றால் மனம்போன போக்கில் எடுத்துக்கொண்டே இருக்கும், பாடினதே திரும்பவும் வரலாம். சுழியம் போட்டால் இடப்பக்க ஒலி மட்டும், ஒன்று போட்டால் வலப்பக்கம் மட்டும். பழைய பதிவில் ஒரு பக்கம் வெறும் இரைச்சலாக இருந்தால் இது மிகவும் உதவும். 'லூப்' என்று எழுதி ஓர் எண் கொடுத்தால் அத்தனை தடவை வாசிக்கும். என் வீட்டில் விடியற்காலைச் சுப்ரபாதத்துக்கு அது பயன்படுகிறது.

என் வேலைக்கு வேண்டியவை வேறு. எம்பி3 கோப்பு சிறுசிறு சட்டகங்களாக எழுதப்பட்டது. ஒரு சட்டகத்தில் 1152 ஒலி மாதிரிகள். என் கோப்பில் விநாடிக்கு 44,100 மாதிரிகள். வகுத்துப் பார்த்தால் விநாடிக்கு 38 சட்டகம் சொச்சம், நிமிஷத்துக்கு 2297. 'கே' என்ற எழுத்தோடு எண் கொடுத்தால் அத்தனை சட்டகங்களைத் தாண்டிப் போய் ஆரம்பிக்கும். 'என்' என்ற எழுத்தோடு கொடுத்தால் அத்தனை சட்டகம் வாசித்து நிறுத்திக்கொள்ளும். பத்தாவது நிமிஷத்திலிருந்து ஒரு நிமிஷம் மட்டும் கேட்க வேண்டுமா? 22,969 தாண்டு, 2297 வாசி. பென்சன் கணக்குப் போட்ட கைக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு.

வேகத்தைக் குறைக்க முதலில் 'எச்' என்ற எழுத்தைப் போட்டேன். அது ஒவ்வொரு சட்டகத்தையும் இரண்டிரண்டு தடவை வாசிக்கும். 'டி' என்றால் இடையிடையே விட்டுவிட்டு வாசிக்கும். இரண்டிலும் நேரம் மாறுகிறதே தவிர சுருதி மாறுவதில்லை. அப்பா திக்கித் திக்கிப் பேசினார், அதே கீச்சுக் குரலில். அது அவசரமாகத் தேடிப் பார்ப்பதற்கான வசதி, எனக்கு வேண்டியது அல்ல. பிறகு 'பிட்ச்' என்ற வசதியைக் கண்டேன். இது கிராமபோன் திருகைப் போல, வேகத்தையும் சுருதியையும் சேர்த்தே மாற்றும். சுழியம் என்றால் உள்ளபடி. 0.05 என்றால் நூற்றுக்கு ஐந்து பங்கு வேகம் கூடும். முன்னால் கழித்தல் குறி போட்டால் குறையும்.

ஆனால் எவ்வளவு குறைப்பது? காதுக்குச் சரியாகப் படும் வரை என்றால், என் காது ஒன்று சொல்லும், தங்கையின் காது வேறொன்று சொல்லும். அப்பா போய் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஞாபகத்தை நம்பி முடிவு செய்யக் கூடாது. ஸ்கோத்தின் தாளில் இசைக்கவை இருந்தது. என் கேசட்டில் என்ன இருக்கிறது?

நாலைந்து நாள் கழித்துத்தான் உறைத்தது. கூடத்துச் சுவர்க் கடிகாரம்! அதன் அடியில்தான் அன்றைக்கு எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். அப்பா பேச்சை நிறுத்துகிற இடங்களிலெல்லாம் பின்னால் டிக், டிக் என்று கேட்கிறது. அதே கடிகாரம் இன்றும் அதே ஆணியில் தொங்குகிறது. வாரம் ஒருமுறை சாவி கொடுக்கிறேன். நிமிஷத்துக்கு 120 தடவை அடிக்கும். ஊசல் கடிகாரத்துக்குச் செல் தீர்கிற கவலை இல்லை.

நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு நிமிஷம் வாசிக்கச் சொல்லி, ஐந்தைந்தாகக் கோடு போட்டு எண்ணினேன். சந்தேகம் வந்தால் மேல்நோக்கிய அம்புக்குறி விசையை ஒருமுறை அழுத்துவேன். முன்பு எழுதிய வரி அப்படியே திரும்ப வரும், அதே நிமிஷம் அதே இடத்திலிருந்து ஓடும். படங்களை அமுக்கி, கோட்டை இழுத்து அந்த இடத்தைத் தேடுகிற வேலை இல்லை. முதல் நிமிஷத்தில் 120 டிக். அதாவது ஆரம்பத்தில் செல் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. பத்தாவது நிமிஷத்தில் 126. இருபத்தைந்தாவது நிமிஷத்தில் 138.

120ஐ 126ஆல் வகுத்தால் 0.95. ஆகவே அந்தப் பகுதிக்கு வேகத்தில் நூற்றுக்கு ஐந்து குறைக்க வேண்டும். 120ஐ 138ஆல் வகுத்தால் 0.87. நூற்றுக்குப் பதின்மூன்று. சுருதிக் கணக்கில் ஒரு கட்டைக்கும் மேலே ஏறியிருந்திருக்கிறது. இடைப்பட்ட நிமிஷங்களையும் எண்ணி ஒரு பட்டியல் போட்டுக்கொண்டேன்.

தங்கையை வரச் சொன்னேன். கூடத்தில் கடிகாரத்தின் கீழேயே உட்கார்ந்தோம். கடைசி ஐந்து நிமிஷத்துக்கான வரியைத் தட்டச்சு செய்தேன். பிட்ச், கழித்தல் 0.13. எண்டர்.

அப்பா பேசினார். அடித்தொண்டையில், ஒவ்வொரு சொல்லையும் யோசித்து எடுத்து வைக்கிற அவருடைய பேச்சு. அந்தப் பகுதியில் அவர் சொல்வது, தன்னோடு கப்பலேறிப் போய்த் திரும்பி வராத ஒரு சிநேகிதரைப் பற்றி. கீச்சுக் குரலில் அதை ஒரு வேடிக்கைக் கதையென்றே நாங்கள் நினைத்திருந்தோம். நடுவில் அவர் சிரிக்கிறார் என்றும் நினைத்திருந்தோம். சிரிக்கவில்லை. பெயரைச் சொல்வதற்கு முன் தொண்டையைச் செருமிக்கொள்கிறார், சற்று நிறுத்துகிறார், கடிகாரம் எட்டுத் தடவை அடிக்கிறது, பிறகு பெயரைச் சொல்கிறார். அதற்குத்தான் நாங்கள் மூன்று பேரும் மறுநாள் அவரை உட்கார வைத்துக்கொண்டு சிரித்தோம்.

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பா அன்னைக்கே சொன்னாரேண்ணே" என்றாள்.

ஆமாம், சொன்னார். தன் குரலைத் தெரிந்த ஒரே ஆள் சொன்னதை, கருவியை வைத்திருந்த நான் ஒத்துக்கொள்ளவில்லை. மிச்சம் பிடித்தது எட்டணாவோ ஒரு ரூபாயோ, போனது அவர் சொல்லியிருக்கக்கூடிய மீதிக் கதைகள்.

கேட்கும்போது செய்கிற இந்த மாற்றங்களெல்லாம் மூலக் கோப்பைத் தொடுவதில்லை. அது அப்படியே இருக்கிறது. நான் போட்ட கணக்கு தப்பென்று நாளைக்கு யாராவது கண்டால், பாரிசுத் தாளைத் திருத்தியது போல இதையும் திருத்திக்கொள்ளலாம். அதனால் கேசட் உறைக்குள் ஒரு தாளை மடித்து வைத்திருக்கிறேன். எந்த நிமிஷத்திலிருந்து எந்த நிமிஷம் வரை எவ்வளவு குறைக்க வேண்டும், அந்த எண் எப்படிக் கிடைத்தது, கடிகாரம் நிமிஷத்துக்கு எத்தனை அடிக்கும், எழுத வேண்டிய வரி என்ன என்று எல்லாவற்றையும் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறேன். டிக் ஒன்று, டாக் ஒன்று, இரண்டையும் தனித்தனியே எண்ணியிருக்கிறேன் என்பதையும் மறக்காமல் எழுதினேன். கறுப்புத் திரையில் நான் கேட்பதற்குக் காரணம் இதுதான். செய்ததை அப்படியே தாளில் எழுதி வைக்க முடிகிறது.

சிரித்த பேரனை உட்கார வைத்து அந்த வரியை அவன் கையாலேயே தட்டச்சு செய்ய வைத்தேன். கொள்ளுத் தாத்தா பேசியதை முழுவதும் கேட்டான். "இன்னொரு தடவை போடட்டுமா?" என்று அவனே கேட்டுவிட்டு, அம்புக்குறி விசையை அழுத்தினான்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படிக் கேசட்டுகள் இருக்கும். குரல் வித்தியாசமாக இருக்கிறது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பேச்சை விட்டுவிட்டு அதன் பின்னால் கேட்பதைக் கவனியுங்கள். கடிகாரமோ, கோவில் மணியோ, மாதா கோவில் மணியோ, இன்றும் மாறாமல் இருக்கிற ஏதாவது ஒன்று உள்ளே ஒலித்துக்கொண்டிருந்தால், அதை வைத்துக் கணக்குப் போட்டுவிடலாம். எண்ணுவதற்குத் துணை வேண்டுமென்றால், எனக்கு நேரம் நிறைய இருக்கிறது.